கம்பைலர் நம்பிய ஒரு வரி

எங்கள் பில்லிங் மென்பொருளில் ஒரு புகார் வந்தது. சுருக்கப் பக்கத்தை ஒருமுறை திறந்துவிட்டு வந்தால், தேதிவாரியாக இருந்த பில் பட்டியல் தொகைவாரியாக மாறிவிடுகிறது. ஜாவாஸ்கிரிப்டின் ‘சார்ட்’ நகல் எடுப்பதில்லை. கையில் கொடுத்த அரேயையே, அதாவது பட்டியலையே, மாற்றி அடுக்கிவிடும். இரண்டு பக்கங்களும் ஒரே அரேயைப் பகிர்ந்துகொண்டிருந்தன.

அணியில் புதிதாகச் சேர்ந்த பெண் சரியான வழியையே பிடித்தாள். ஜாவாஸ்கிரிப்டின் 2023-ஆம் ஆண்டுத் தரமான ஈஎஸ்2023-இல் வந்த ‘டூசார்ட்டட்’, மூலத்தைத் தொடாமல் புதிய அரேயைத் தரும். ஆனால் எழுதி முடிப்பதற்குள் சிவப்புக் கோடு விழுந்தது. பிழை எண் 2550: இப்படியொரு பண்பு இந்த வகையில் இல்லை, ‘லிப்’ அமைப்பை ஈஎஸ்2023 அல்லது அதற்குப் பிந்தையதாக மாற்றிப் பாருங்கள்.

“அக்கா, பிரவுசரில் போட்டால் ஓடுகிறதே, இங்கே மட்டும் ஏன் இல்லை என்கிறது?”

நாங்கள் எழுதுவது டைப்ஸ்கிரிப்டில்; அதன் கம்பைலர் வகைகளைச் சரிபார்த்து, நிரலை ஜாவாஸ்கிரிப்டாக மாற்றித் தரும். அது பிரவுசரைப் பார்ப்பதில்லை. எந்த அரேயில் ‘சார்ட்’ போன்ற என்னென்ன மெத்தடுகள் உண்டு என்பதை அறிவிப்புக் கோப்புகளிலிருந்துதான் தெரிந்துகொள்கிறது. எந்தக் கோப்புகளைப் படிக்க வேண்டும் என்பதை ‘லிப்’ சொல்கிறது. எங்கள் திட்டத்தில் அதை யாரும் எழுதவில்லை; எந்தப் பதிப்பு ஜாவாஸ்கிரிப்டாக மாற்ற வேண்டும் என்று சொல்லும் ‘டார்கெட்’ ஈஎஸ்2020 என்பதால், ‘லிப்’பும் அங்கேயே நின்றிருந்தது. (டைப்ஸ்கிரிப்டே 5.2-க்கு முந்தையதாக இருந்தால் இதை மாற்றியும் பயனில்லை. ‘டூசார்ட்டட்’ அறிவிப்பு அந்தப் பதிப்பில்தான் சேர்ந்தது.)

அவள் ‘லிப்’பில் ஈஎஸ்2023 என்று மட்டும் எழுதினாள். உடனே பிரவுசர் பக்கத்தைக் குறிக்கும் ‘டாக்குமெண்ட்’ யாரென்றே தெரியாது என்று கோப்புக்குக் கோப்பு பிழைகள் கொட்டின. ‘லிப்’பை நாமே குறிப்பிட்டால் இயல்பாகக் கிடைப்பவை எல்லாம் விலகிவிடும், பிரவுசருக்கான அறிவிப்புகளைத் தரும் ‘டாம்’ என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். சேர்த்ததும் எல்லாம் அடங்கியது. நானும் பார்த்துவிட்டுச் சரி என்றேன்.

அன்றிரவு சர்வரில் ஓடும் அறிக்கை பாதியில் நின்றது. ‘டூசார்ட்டட்’ ஒரு ஃபங்ஷன் அல்ல என்றது லாக். பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் ஜேஎஸ், அவளுடைய மடிக்கணினியில் 20, சர்வரில் 18. அந்த மெத்தட் 20-இலிருந்துதான் உண்டு. பில் அடுக்கும் கோப்பை பிரவுசரும் சர்வரும் பகிர்ந்துகொள்வதை நான் யோசித்திருக்க வேண்டும்.

பலர் தடுக்கி விழும் இடம் இது. ‘டார்கெட்’டைக் குறைத்தால் ஆரோ ஃபங்ஷன் போன்ற புதிய இலக்கணத்தைக் கம்பைலர் பழைய வடிவத்துக்கு மாற்றித் தரும். மெத்தடுகளை அப்படி மாற்றித் தராது; அவற்றுக்கான நிரலைத் தானாகச் சேர்க்கவும் செய்யாது. ‘லிப்’பில் எழுதும் வரி, ஓடும் இடத்தில் இவை இருக்கின்றன என்று நாம் கொடுக்கும் உறுதிமொழி. கம்பைலர் அதை அப்படியே நம்புகிறது. முந்தைய நாள் அது காட்டிய பிழை உண்மையானது. நாங்கள்தான் அதன் வாயை அடைத்தோம்.

மறுநாள் காலை ‘லிப்’பை ஈஎஸ்2022-க்கு இறக்கினோம். அரேயின் உறுப்புகளை விரித்துத் தரும் மூன்று புள்ளி ஸ்ப்ரெட் கொண்டு நகலெடுத்து, அந்த நகலைப் பழைய ‘சார்ட்’டிடம் கொடுத்தோம். புகாரும் தீர்ந்தது, அறிக்கையும் ஓடியது. இல்லாத மெத்தடை நிரலாகவே கொண்டுவந்து சேர்க்கும் கோர்-ஜேஎஸ் போன்ற பாலிஃபில் சேர்த்திருக்கலாம்; ஒரே ஒரு இடத்துக்காக அது தேவை என்று எனக்குத் தோன்றவில்லை. வகைச் சரிபார்ப்பையே நிறுத்திவிடும் ‘எனி’ வகையைப் போட்டு மறைக்கும் யோசனையும் ஒருவரிடமிருந்து வந்தது. அதை நான் ஒருபோதும் ஏற்பதில்லை. திரும்பி வரும் அரேயும் ‘எனி’ ஆகிவிடும். பிறகு ‘தொகை’ என்ற புலத்தின் பெயரைத் தவறாக எழுதினாலும் கேட்க ஆளிருக்காது.

சில மாதங்கள் கழித்து சர்வர் நோட் 20-க்கு மாறியது. அன்று அவள் அனுப்பிய மாற்றத்தில் இரண்டே வரிகள்: ‘லிப்’பில் ஈஎஸ்2023, பில் கோப்பில் ‘டூசார்ட்டட்’. கீழே ஒரு குறிப்பு: “சர்வரில் நுழைந்து பதிப்பைப் பார்த்துவிட்டேன், அக்கா.”