கல் குடிக்கும் தண்ணீர்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்திலுள்ள வேலந்தாவளம் எங்கள் ஊர். அரசு கேரளத்துடையது என்றாலும் வீட்டிலும் கடைவீதியிலும் நாங்கள் பேசுவது தமிழ்தான். மலைநாடு முழுவதும் மழையில் ஊறிக் கிடக்கும் ஆனி, ஆடியில்கூட எங்கள் பக்கம் சாரலோடு நின்றுவிடும். ஆகவே கோரையாறு வறண்டால் மேலே மழை இல்லை என்று பொருள். சிறுவயதில் நான் படித்த புவியியல் அவ்வளவுதான்.

அந்தக் கணக்கு, முதியோர் இல்லத்துச் செவிலியர் வேலைக்காக இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் டேல்ஸ் பகுதிக்கு வந்த முதல் மாதத்திலேயே பொய்த்துப் போனது. மாலம் என்னும் சிற்றூருக்கு வடக்கே ஒரு பள்ளத்தாக்கு உண்டு. இரு பக்கமும் செங்குத்தாகப் பாறை நிற்க, நடுவே ஆறு செதுக்கியது போன்ற தடம் வளைந்து வளைந்து இறங்குகிறது. மூன்று நாள் விடாமல் மழை பெய்திருந்தும் அந்தத் தடத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. காற்றும் ஆட்டின் குரலும் தவிர வேறு ஓசையும் இல்லை. அந்த அமைதி எனக்கு முதலில் அச்சத்தையே தந்தது.

காரணம் கல்தான். ஏறத்தாழ 33 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்நிலம் வெதுவெதுப்பான ஆழமற்ற கடலாக இருந்தபோது, கடலுயிர்களின் ஓடுகள் படிந்து இறுகியதே இச்சுண்ணாம்புக்கல். காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு வரும் மழைநீர், அதன் வெடிப்புகளைக் கரைத்துக் கரைத்து அகலமாக்கி, உள்ளே வழி கண்டுவிடுகிறது. மேலேயுள்ள மாலம் ஏரி மட்டும் தண்ணீர் இறங்காத பழைய பலகைப்பாறையின்மேல் அமைந்திருப்பதால் நிறைந்தே கிடக்கிறது. ஏரியிலிருந்து புறப்படும் ஓடையோ, சுண்ணாம்புக்கல்லைத் தொட்ட சிறிது தூரத்திலேயே கூழாங்கற்களுக்கிடையே மறைந்துவிடுகிறது. நின்று பார்த்தால், குழந்தை உறிஞ்சிக் குடிப்பது போன்ற மெல்லிய சத்தம் கேட்கும்.

வறண்ட பள்ளத்தாக்கு முடியுமிடத்தில் ஏறக்குறைய 80 மீட்டர் உயரமுள்ள, அரைவட்டமான பாறைச்சுவர் நிற்கிறது. பனியுகத்தின் முடிவில் உள்ளேயுள்ள நிலம் உறைந்து கிடந்ததால், உருகிய நீர் கீழே இறங்க வழியின்றி மேலேயே பாய்ந்து, இச்சுவரிலிருந்து அருவியாக விழுந்திருக்கிறது. 2015 டிசம்பர் 6 அன்று பெருமழையில் அந்த அருவி ஒருநாள் திரும்பி வந்ததைக் கண்ட முதியவர்கள் நான் கவனிக்கும் இல்லத்தில் இருக்கிறார்கள். அவர்கள் அதைச் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும். சுவரின் அடியில் ஓர் ஊற்று வெளிவருகிறது. ஏரியோடைதான் இது என்று யாரும் நினைப்பார்கள். ஆனால் அந்த ஓடை நீரில் பெரும்பங்கு ஊரையும் தாண்டிப் போய், தெற்கேயுள்ள ஊற்றுகளில் எழுந்து ஏர் ஆற்றில் கலக்கிறது.

சுவரின் உச்சியில் கல் தளம் பாவியது போலப் பரந்து கிடக்கிறது. பாளம் பாளமான கற்களுக்கிடையே முழங்கால் ஆழத்துக்கும் மேற்பட்ட வெடிப்புகள். ஒன்றில் கையை விட்டேன். மேலே காற்று தோலை உரித்துக்கொண்டிருக்க, உள்ளே கிணற்றடியின் ஈரம். ஆடு எட்டாத அந்த இருட்டில் நாக்குப் போல நீண்ட, பளபளக்கும் பெரணி இலைகள் வளர்ந்திருந்தன. ஊரை நினைத்து அழுவதை அன்றுதான் நிறுத்தினேன்.

பிறகு மேய்ச்சல் நிலத்துச் சரிவில் இடிந்த காளவாய் ஒன்றைக் கண்டேன். மேலிருந்து கல்லையும் கரியையும் அடுக்கடுக்காகப் போட்டு, அடிவாயில் சுண்ணாம்பை வாரியெடுக்கும் அதே அமைப்பு. மதுக்கரைப் பக்கத்துக் காளவாயில் என் அப்பா இருபது ஆண்டு வெந்த வேலை அது. நாங்கள் சுவருக்குப் பூசினோம், வெற்றிலைக்குத் தடவினோம். இவர்கள் புளித்த மண்ணைத் திருத்தப் புல்வெளியில் தூவியிருக்கிறார்கள்.

சென்ற விடுமுறையில், என் வீட்டுத் தோட்டச் சுவரிலிருந்து உதிர்ந்த ஒரு சில்லை அப்பாவிடம் கொடுத்தேன். திண்ணையில் உட்கார்ந்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கள் பக்கத்துக் கல் மண்ணின் ஆழத்தில் வெந்து உருமாறியது. உடைத்தால் சர்க்கரை போல மினுங்குமே தவிர, அதில் உயிரின் சுவடு இராது. இந்தச் சாம்பல்நிறக் கல்லிலோ சிறு வளையங்கள் தெரிந்தன, கடல் அல்லி என்னும் பூப்போன்ற கடலுயிரின் தண்டுகள்.

"இதென்ன அம்மிணி, பாசிமணியாட்டம் இருக்குது?" என்றார் அப்பா. சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதைய வேக வெச்சரக்கூடாது" என்று வெற்றிலைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.