லைட் போட எதுக்குடா அப்டேட்?

போன வாரம் ராத்திரி எட்டரை மணிக்குக் கரண்ட் போனது. அந்த நேரம் பார்த்து என் போன் அப்டேட் ஆகிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து 'பிறகு' 'பிறகு' என்று தள்ளிவிட்டு, சாப்பிட உட்காரும்போது "சரி, போய்த் தொலை" என்று அனுமதி கொடுத்தது நான்தான். குழம்பை ஊற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. ஊற்றியது சாம்பாரா ரசமா என்றுகூடத் தெரியவில்லை.

"போன்ல லைட்டப் போடேன்டா" என்றாள் அம்மா.

"அப்டேட் ஆகுதும்மா."

"லைட் போட எதுக்குடா அப்டேட்?"

இதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் இருபது வருடக் கதை சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் செல்போன் அப்பாவின் நோக்கியா 1100. 2003-ல் வெளிவந்து உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்ற மாடல். 'சி' பட்டனை அழுத்திப் பிடித்தால் உச்சந்தலையில் விளக்கு எரியும், அவ்வளவுதான். அந்த 25 கோடியில் பேசுவதற்கு வாங்கியவர்கள் எத்தனை பேர், ராத்திரி கொல்லைப்பக்கம் போக வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று யாராவது எண்ணியிருக்கலாம்.

2010-ல் நான் கல்லூரிக்குப் போனபோது சிம்பியன் என்ற அந்தக் கால மென்பொருளில் ஓடும் ஒரு தொடுதிரை போன் வாங்கினேன். நகத்தால் குத்தினால்தான் அதற்கு உறைக்கும். கேமராவுக்கு ஃபிளாஷ் கிடையாது. ஆகவே டார்ச் ஆப் என்றால் திரை முழுக்க வெள்ளையாகும், வேறொன்றுமில்லை. அதையும் ரீசார்ஜ் கடை அண்ணன்தான் புளூடூத்தில் அனுப்பினார். நிறுவப் போனால் 'ஆப்பின் சான்றிதழ் காலாவதி' என்று நின்றது. அண்ணன் அசரவில்லை. போனின் தேதியை இரண்டு வருடம் பின்னால் தள்ளினார், ஆப் ஏறிவிட்டது. சான்றிதழ் செல்லுமா என்று போன் தன் கடிகாரத்தை மட்டும்தான் பார்க்குமாம்!

தேதியைத் திரும்ப மாற்ற மறந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ஐந்தரைக்கு அலாரம் அலறியது, போனுக்கு அன்று 2008-ன் வெள்ளிக்கிழமை. மறுநாள் அதற்குச் சனி, நிம்மதியாகத் தூங்கியது. எனக்குக் கல்லூரி பஸ் போனது.

அப்புறம் 2012. ஊரில் கரண்ட் இருக்கும் நேரத்தை விரல்விட்டு எண்ணிய வருடம். கையில் ஜிஞ்சர்பிரெட் என்ற பதிப்பு ஓடும் ஆண்ட்ராய்டு போன். ஃபிளாஷ் இருக்கிறது, ஆனால் அதை எரியவைக்க ஒரு ஆப் இறக்க வேண்டும். அந்த ஆப்போ நான் எங்கே இருக்கிறேன் என்று தெரிந்தால்தான் எரிவேன் என்றது. இருட்டில் இருக்கிறேன், வேறெங்கே? கேட்ட அனுமதியையெல்லாம் மொத்தமாகக் கொடு, இல்லாவிட்டால் ஆப்பே வேண்டாம் என்று போ. அன்றைய முறை அதுதான். ஒவ்வொன்றாகக் கேட்கும் நல்ல பழக்கம் 2015-ல் மார்ஷ்மெல்லோ என்ற ஆண்ட்ராய்டு பதிப்போடுதான் வந்தது. இருப்பிடத் தகவலை விளம்பரக்காரர்களுக்கு அனுப்பிய ஒரு டார்ச் ஆப் மீது 2013-ல் அமெரிக்க அரசே நடவடிக்கை எடுத்தது.

என் ஆப்பில் முதலில் விளம்பரம் வரும், பிறகுதான் வெளிச்சம். ஏதோ மெத்தை விளம்பரம், பளிச்சென்று இருக்கும். அது முடிவதற்குள் அந்த வெளிச்சத்திலேயே அம்மா மெழுகுவர்த்தியைக் கண்டுபிடித்துவிடுவாள்.

ஐபோன்காரர்களுக்கு 2013-ல் ஐஓஎஸ் 7-லும், எங்களுக்கு 2014-ல் லாலிபாப் என்ற பதிப்பிலும் திரையை மேலேயோ கீழேயோ இழுத்தாலே டார்ச் பொத்தான் வந்தது. அதற்காகத்தான் அடுத்த போன் வாங்கினேன் என்பது இன்றுவரை வீட்டில் தெரியாது.

இத்தனையையும் நான் மனதில் ஓட்டிக்கொண்டிருந்தபோது அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. அப்பா 1100-ஐ எடுத்து வந்து என் தட்டில் வெளிச்சம் அடித்தார். மோர்க்குழம்பு.

சாப்பிட்டு முடிக்கும்போது என் போனுக்கு உயிர் வந்தது. விட்ட மானத்தைப் பிடிக்க அவசரமாகத் திரையை இழுத்தால், டார்ச் பொத்தானைக் காணோம். புது அப்டேட்டில் எல்லாவற்றையும் இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள். நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளித் தள்ளிப் பார்ப்பதை அப்பா கவனித்தார்.

"என்னடா தேடுற?"

"டார்ச்."

அக்கறையாகக் குனிந்து, நான் தேட வசதியாக, 1100-ஐ என் போனுக்கு நேரே பிடித்தார்.