சர்வரில் ரெய்டு (RAID) இருந்தா பேக்கப் வேண்டாமா?

போடி, கம்பம் பக்கத்து ஏலக்காய் வியாபாரிகளே, சர்வரில் ரெண்டு டிஸ்க் ரெய்டு 1-ல, அதாவது ஒண்ணில் எழுதுறது அப்படியே இன்னொண்ணிலும் பதியுற மாதிரி, ஓடுறதை பேக்கப்னு நம்பிடாதீங்க. ஒரு டிஸ்க் செத்தா மட்டும்தான் அது காப்பாத்தும். கணக்கு சாஃப்ட்வேரான டேலியோட ஃபோல்டரைத் தவறி அழிச்சாலோ, ரான்சம்வேர் (ஃபைலைப் பூட்டிட்டு பணம் கேக்குற வைரஸ்) புகுந்தாலோ ரெண்டிலும் ஒண்ணா போயிடும்.

கடை அடைக்கிறப்போ எல்லா சிஸ்டத்திலும் டேலியை மூடிட்டு, எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் காப்பி எடுங்க. திறந்தபடி எடுத்தா காப்பி கெட்டுப்போகலாம். முடிஞ்சதும் ஒயரைக் கழட்டுங்க. செருகியே கிடந்தா வைரஸ் அதையும் பூட்டிடும். ரெண்டு டிஸ்க்கை மாத்தி மாத்தி வச்சுக்கிட்டு, ஒண்ணு எப்பவும் வீட்டிலோ மலைமேல ஸ்டோரிலோ இருக்கட்டும். ஐப்பசி இடிக்கு ஒரே ரூமில் இருக்கிறது மொத்தமும் கருகலாம். யூபிஎஸ் மட்டும் போதாது, எர்த் சரியா இருக்கணும்.

மாசம் ஒரு தடவை வேற கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் பண்ணி, கடைசி பில் நம்பர் வருதான்னு கட்டாயம் பாருங்க.