பூ மார்க்கெட் விலையும் எக்ஸெல் ஷீட்டும்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டின் 31 நாள் விலையை ஒரு ஷீட்டில் ஏற்றுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஏ-யில் தேதி, பி-யில் மல்லி, சி-யில் பிச்சி, டி-யில் கனகாம்பரம். முதல் வரி தலைப்பு, 2 முதல் 32 வரை கிலோ விலை. ஆவரேஜ் ஃபார்முலாவில் 'பி2:பி32' என்று இருந்தால், மூன்று மாதம் கழித்து அது மல்லியா பிச்சியா என்று எழுதியவருக்கே புரியாது. அதனால் முதல் வேலை அந்த ரேஞ்சுக்கு, அதாவது அந்தச் செல்களின் தொகுப்புக்கு, பெயர் வைப்பதுதான்.

அதற்கும் முன்னால் கன்ட்ரோல் டி அழுத்தி மொத்தத்தையும் டேபிளாக்கிவிடுங்கள். வெறும் ரேஞ்சுக்குப் பெயர் வைத்தால், 33-ஆவது வரியில் புது விலை போட்டாலும் பெயர் 32-லேயே நின்றுவிடும். எரர் வராது, சராசரி மட்டும் தப்பாக வரும். டேபிளின் மல்லி விலைகளுக்குப் பெயர் வைத்தால் அதுவும் கூடவே நீளும்.

பி2 முதல் பி32 வரை தேர்ந்தெடுத்து, ஃபார்முலா பாருக்கு இடப்பக்கம் உள்ள நேம் பாக்ஸில் பெயரை டைப் செய்து என்டர் தட்டுங்கள். என்டர் தட்டாமல் வேறு செல்லைக் கிளிக் செய்தால் பெயர் பதியாது. பெயரில் இடைவெளி கூடாது, அண்டர்ஸ்கோர் போடலாம். ஆங்கில எழுத்தே வசதி. ஃபார்முலா நடுவே கீபோர்டை மாற்ற வேண்டியதில்லை.

ஒரு வேடிக்கை: 'பூ' என்பதை பி, ஓ, ஓ என்று ஆங்கிலத்தில் எழுதி 1 சேர்த்தால் பெயராகாது, கர்சர் வலப்பக்கம் எங்கேயோ போய் நிற்கும். நெடுவரிசைகள் எக்ஸ்எஃப்டி வரை, அதாவது 16,384 இருப்பதால், அது ஒரு நிஜ செல்லின் முகவரி. ஏற்கெனவே வைத்த பெயரை வேறு இடத்துக்கு டைப் செய்தாலும் பழைய இடத்துக்கே தாவும். மாற்ற வேண்டுமானால் கன்ட்ரோல் எஃப்3, நேம் மேனேஜர்.

'800 ரூ' என்று செல்லில் எழுதாதீர்கள். அது எழுத்தாகிவிடும், சராசரியில் சேராது. எண்களை மட்டும் எண்ணும் கவுண்ட், காலியில்லாத எல்லாச் செல்லையும் எண்ணும் கவுண்ட்ஏ இரண்டையும் அந்தப் பெயரின் மேல் போட்டுப் பாருங்கள். எண்ணிக்கை வேறுபட்டால் எங்கோ எழுத்து கலந்திருக்கிறது. வரத்து இல்லாத நாளில் 0 போடாமல் காலியாக விடுங்கள்.

இனி படம். இன்சர்ட்டில் ஸ்பார்க்லைன், லைன். மூன்று பூவுக்கும் மூன்று செல்லில் குட்டிக் கோடு வந்துவிடும், ஆனால் அப்படியே நம்பக் கூடாது. ஒவ்வொரு கோடும் தன் சொந்தக் குறைந்த விலையையும் கூடின விலையையும் அளவாக எடுத்துக்கொள்கிறது. 700-லிருந்து 650-க்கு இறங்கிய மல்லியும், 700-லிருந்து 300-க்கு விழுந்த பிச்சியும் ஒரே பள்ளமாகத் தெரியும். மூன்றையும் குரூப் செய்து, ஆக்ஸிஸில் குறைந்த அளவை 0 என்றும், கூடின அளவை எல்லாக் கோட்டுக்கும் பொதுவாகவும் வையுங்கள்.

செல்லுக்குள்ளேயே விலைக்கேற்ற நீளத்தில் பட்டை காட்டும் டேட்டா பாரில் தொல்லை முகூர்த்த நாள். 600, 700 என்று போகும் மல்லி ஒரு நாள் 2,000 தொட்டால் மற்ற பட்டைகளெல்லாம் குட்டையாகிவிடும். ரூலை எடிட் செய்து மேக்ஸிமத்தைப் பெர்சென்டைல் 90 ஆக்குங்கள். சராசரிக்குப் பக்கத்தில் மீடியனும், அதாவது விலைகளை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பதும், போடுங்கள், வழக்கமான நாள் விலைக்கு அதுதான் நெருங்கி வரும்.

பெரிய சார்ட்டில் சீரிஸ் வேல்யூவாகப் பெயரைக் கொடுக்கும்போது, முன்னால் ஷீட் பெயரும் ஆச்சரியக்குறியும் வேண்டும். பெயரை மட்டும் தனியாகக் கொடுத்தால் எக்ஸெல் ஏற்காது.