அப்பா போட்டோ எந்த ஃபைல்ல இருக்கு

போன ஐப்பசில ஒரு நாள் காலைல நாலரை மணிக்கு போன் வந்துச்சு. "அக்கா, அப்பா போய்ட்டாவ. எட்டு மணிக்குள்ள கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வேணும்க்கா, போட்டோ உங்ககிட்டயே இருக்கும், தங்கச்சி சடங்குக்கு ஃப்ளெக்ஸ் அடிச்சோம்லா, அதுல அப்பா தனியா நிப்பாவ, அதையே போட்ருங்க." அந்தத் தம்பி அழுகைய அடக்கிட்டுப் பேசுறான்னு குரல்லயே தெரிஞ்சுது. எனக்கும் அந்தப் படம் கண்ணு முன்னாடி நிக்குது, வெள்ளை வேட்டி, ஊதா சட்டை, லேசா ஒரு சிரிப்பு, பின்னாடி இருந்த பந்தலை எல்லாம் எடுத்துட்டு முடி ஓரம் வரைக்கும் நான்தான் உக்காந்து கட் பண்ணேன். ஆனா அந்த பிஎஸ்டி, அதான் போட்டோஷாப் ஃபைல், எந்த ஹார்ட் டிஸ்க்ல எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு தெரியல.

சடங்குனு போட்டுத் தேடினேன், ஒண்ணும் வரல. மஞ்சள் நீராட்டுனு தேடினேன், நாப்பது ஃபைல் வந்துச்சு, அதுல இது இல்ல. பூப்புனிதனு தேடினேன். அவங்க தெரு பேர போட்டேன். கடைசில ஒவ்வொரு ஃபோல்டரா திறந்து தம்ப்நெயில் பாத்துப் பாத்துதான் கண்டுபிடிச்சேன், ஃபைல் பேரு "ஃபைனல் 2 புதுசு". தேடினது ஒரு மணி நேரத்துக்கு மேல, போஸ்டர் டிசைன் பண்ணது இருபது நிமிஷம். எட்டு மணிக்குள்ள குடுத்துட்டேன், ஆனா அன்னிக்கு முழுக்க மனசு ஒரு மாதிரியாவே இருந்துச்சு, அந்தப் படம் மட்டும் கிடைக்காமப் போயிருந்தா ஆதார் கார்டு போட்டோவ பெருசு பண்ணித்தான் ஒட்டியிருப்போம்.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு சின்ன டவுன்ல பதினோரு வருஷமா டிசைன் கடை வச்சிருக்கேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கோயில் கொடை (எங்க பக்கம் கோயில் திருவிழாவ அப்படித்தான் சொல்வோம்), புதுமனை புகுவிழா, அஞ்சலி, எல்லாம் பண்றோம். இந்த வேலைல பாதி நேரம் செய்யறதுல போகல, தேடறதுலதான் போகுது. எடிட்டிங் ஆப் ஒவ்வொண்ணுலயும் வருஷா வருஷம் புதுசா எஃபெக்ட் வருது, பேக்ரவுண்ட் எடுக்க ஒரு பட்டன், வானத்த மாத்த ஒரு பட்டன், ஆனா நம்ம செஞ்சத நம்மளே திரும்ப எடுக்கறதுக்கு ஒரு சர்ச் பெட்டியும் "ரீசன்ட்"னு ஒரு லிஸ்டும்தான் இருக்கு. அந்த சர்ச்சும் தமிழ்ல தேடுனா பாதி நேரம் கைய விரிச்சிருது. ஏன்னு இந்த ஒரு வருஷமா தோண்டிப் பாத்ததுல எனக்குப் புரிஞ்சத எழுதுறேன்.

எங்க கோயில் கொடைல இருந்தே ஆரம்பிக்கேன். "கொடை"ங்கற வார்த்தைல இருக்கற கொ, கம்ப்யூட்டருக்குள்ள ரெண்டு விதமா இருக்கலாம். க-வும் அதுக்கப்புறம் ஒகரக் குறி முழுசா ஒண்ணாவும் இருக்கலாம், இல்ல க, ஒத்தைக் கொம்பு, கால்னு தனித்தனியாவும் இருக்கலாம். எந்த கீபோர்டுல எப்படி அடிச்சோம்ங்கறதப் பொறுத்தது அது, கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். எல்லா மொழி எழுத்துக்கும் கம்ப்யூட்டர்ல பொதுவா ஒரு எண் குடுக்கற யூனிகோட் தரத்துலயே இந்த ரெண்டும் சமம்னு சொல்லிருக்காங்க, ஒப்பிடுறதுக்கு முன்னாடி ரெண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டு வரணும், அதுக்கு நார்மலைசேஷன்னு பேரு. அந்த ஒரு வேலைய ஆப் செய்யலன்னா நான் செல்போன்ல பேர் வச்ச கொடை ஃபைல் கடை கம்ப்யூட்டர்ல தேடும்போது வராது. கண்ணு முன்னாடி ஃபைல் இருக்கும், சர்ச் இல்லேனு சொல்லும். ஒகரம் மாதிரியே ஓகாரம், ஔகாரம் ரெண்டுக்கும் இதே கதை. இதுபோக கௌரினு அடிக்கற இடத்துல ஒத்தைக் கொம்பு போட்டு பக்கத்துல ள-வ வச்சு கெளரினு அடிக்கறவங்க நம்மள்ல நிறையப் பேரு, பாக்க ஒண்ணுபோல இருந்தாலும் இது வேற எழுத்து, நார்மலைசேஷன் கூட இதச் சரி பண்ணாது. தமிழ் தெரிஞ்ச ஒருத்தர் பக்கத்துல உக்காந்து அந்த சர்ச்ச எழுதியிருந்தா இதையும் சேத்துத் தேடுன்னு சொல்லியிருப்பாங்க.

அடுத்தது வார்த்தை மாறுற விதம். திருமணம்னு தேடுனா "திருமணத்திற்கு வருகை தரும்"னு எழுதுன ஃப்ளெக்ஸ் வராது, ஏன்னா அங்க கடைசி ம் போயி த் வந்துருச்சு. நான் இப்ப கடைசி எழுத்த விட்டுட்டு "திருமண"னு மட்டும் அடிச்சுத் தேடுறேன், ரெண்டும் வருது. பட்டம்னு தேடாம பட்ட, கும்பாபிஷேகம்னு தேடாம கும்பாபிஷேக. சின்ன விஷயந்தான், ஆனா இத நான் கண்டுபிடிக்க பத்து வருஷம் ஆச்சு, ஆப் செய்ய வேண்டிய வேலை இது.

எல்லாத்தையும் விடப் பெருசு பாமினி. எங்க தொழில்ல இருக்கறவங்களுக்குத் தெரியும், பழைய ஃபைல் எல்லாமே பாமினி மாதிரி பழைய எழுத்துருலதான் இருக்கும், இலங்கைலயும் அப்படித்தான். அந்த எழுத்துருல தமிழ் எழுத்தெல்லாம் இங்கிலீஷ் எழுத்தோட இடத்துல உக்காந்திருக்கு. ஸ்க்ரீன்ல "அம்மா"னு அழகாத் தெரியும், ஆனா அந்த லேயருக்குள்ள உண்மையா இருக்கறது எம், கே, ஒரு அரைப்புள்ளி, கே, எச். சர்ச்சுக்கு அது அம்மா இல்ல, அர்த்தமில்லாத அஞ்சு எழுத்து. 1991லயே யூனிகோட்ல தமிழ் வந்தாச்சு, 2010ல தமிழ்நாடு அரசு அதத் தரமா அறிவிச்சாச்சு, ஆனா எங்ககிட்ட இருக்கற டிசைன் எழுத்துரு, பழகுன கை, பிரஸ்காரங்க கேக்கற ஃபார்மட் எல்லாம் பழசுலயே நின்னுருச்சு. நான் ஆப் பண்றவங்ககிட்ட கேக்கறது, நாங்க பாமினில அடிச்சாலும் பரவால்ல, சேவ் பண்ணும்போது அதோட யூனிகோட் வடிவத்த ஃபைலுக்குள்ள மறைவா ஒரு ஓரத்துல எழுதி வச்சிருங்க. எந்த எழுத்துக்கு எதுங்கற அட்டவணை ஏற்கெனவே இருக்கு, ஆன்லைன்ல கன்வெர்ட்டர் எத்தனையோ இருக்கு. அது மட்டும் நடந்தா அந்த "ஃபைனல் 2 புதுசு"க்குள்ள இருந்த குடும்பப் பேரு அன்னிக்கு ஒரே நொடில வந்திருக்கும்.

ஃபான்ட் லிஸ்ட்டும் இதே பாடுதான். நல்ல யூனிகோட் எழுத்துரு இன்னிக்கு நிறைய இருக்கு, ஆனா லிஸ்ட் இங்கிலீஷ் அகர வரிசைல ஓடுறதால அனெக் தமிழ் மேல ஒரு மூலைல, பாலூ தம்பி கொஞ்சம் கீழ, கேட்டமரான் அதுக்கும் கீழ, ஹிந்த் மதுரை நடுவுல, முக்தா மலர் இன்னும் கீழ. பேரு தெரிஞ்சாத்தான் எடுக்க முடியும். கூகுள் ஃபான்ட்ஸ் தளத்துல மொழி தமிழ்னு வச்சா தமிழ் எழுத்துரு மட்டும் நிக்கும், நம்ம வாக்கியத்தையே அடிச்சு எல்லா எழுத்துருலயும் ஒரே பக்கத்துல பாக்கலாம், இந்த வசதி ஒவ்வொரு எடிட்டிங் ஆப்லயும் வரணும். அதோட குணத்த வச்சும் பிரிக்கணும்னு ஆசை, பாலூ தம்பி மாதிரி உருண்டு திரண்ட எழுத்து பிறந்தநாளுக்கு அவ்ளோ அழகு, அதே எழுத்துல "கண்ணீர் அஞ்சலி"னு போட்டா பாக்கறவங்களுக்கு வயிறு எரியும்.

டெம்ப்ளேட் பத்தி. செல்போன்ல ஒரு ஆப் வச்சிருக்கேன், பேரு வேண்டாம். அதுல காதுகுத்துனு தேடுனா கம்மல் விளம்பரம் வருது. கல்யாணம்னா டோலி, குதிரை, தலைப்பாகை கட்டுன மாப்பிள்ளை. வளைகாப்புனா நீலம் பிங்க் பலூன். நம்ம வீட்டு விசேஷம் ஒண்ணுக்குமே அங்க ஒரு அறை இல்ல. டிசைன் வரைய ஆள் இல்லேன்னு நினைக்கல, வரைஞ்சதுல சிலது உள்ள கிடக்குது, நான் கீழ கீழ தள்ளிப் போயி பாத்திருக்கேன், வாழைமரம், குத்துவிளக்கு எல்லாம் வச்ச அருமையான டிசைன், ஆனா அதுக்கு வச்ச டேக் வெறும் "இந்தியன்". அவ்ளோ உழைச்சு வரைஞ்ச டிசைனருக்கும் அது நஷ்டம், தேடுற எனக்கும் நஷ்டம்.

தேதி விஷயமும் சொல்லணும். நான் பாத்த ஆப்ல எல்லாம் "ரீசன்ட்" லிஸ்ட் ஃபைல கடைசியாத் திறந்த, இல்ல சேவ் பண்ண தேதிய வச்சுத்தான் அடுக்குது. ஒரு பழைய ஃபைல சும்மா திறந்து சேவ் பண்ணாலே அது மேல வந்து உக்காந்துக்குது. வர்றவங்க யாரும் அப்படிக் கேக்கறதில்ல, "போன வைகாசில எங்க மச்சினன் கல்யாணத்துக்குப் பண்ணீங்கல்ல, அதே மாதிரி"ங்கறாங்க. விசேஷம் நடந்த நாள், யாரு வீடு, எந்த ஊரு, இந்த மூணுதான் ஜனங்க ஞாபகத்துல இருக்கு. ஃபைல் சேவ் பண்ற பெட்டிலயே இந்த மூணு கட்டம் இருந்தா போதும்.

அந்த ஐப்பசிக்கு அப்புறம் நானே ஒரு வழி பண்ணிக்கிட்டேன். ஃபைல அடுக்கித் தேடறதுக்குனே இருக்கற அடோபி பிரிட்ஜ் காசில்லாம கிடைக்குது, அதுல பிஎஸ்டி, ஜேபெக் எல்லாத்துக்கும் கீவேர்டு, அதான் தேடறதுக்கான சொல், போடலாம், அந்த கீவேர்டு எக்ஸ்எம்பினு ஒரு முறைல ஃபைலுக்குள்ளயே எழுதிக்கும். அதனால ஃபைல வேற ஹார்ட் டிஸ்க்குக்கு மாத்துனாலும், பேர மாத்துனாலும் கீவேர்டு கூடவே போகும், இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஒவ்வொரு ஃபைலுக்கும் விசேஷம், வீடு, ஊர், தமிழ் மாசம், வருஷம். கட் பண்ண ஆள் படம் எல்லாம் தனியா பிஎன்ஜியா ஒரு ஃபோல்டர், அதுக்கும் அதே கீவேர்டு. அடோபியோட போட்டோ ஆப் லைட்ரூம் கிளாசிக் வச்சிருக்கறவங்களுக்கு இன்னும் வசதி, அங்க ஒரு கீவேர்டுக்கு சினானிம்ஸ்னு, அதே அர்த்தம் உள்ள வேற பேரு போட, ஒரு கட்டம் இருக்கு, காதணி விழான்னு வச்சு உள்ள காதுகுத்துனு போட்டா எதத் தேடுனாலும் வரும். அந்த வசதி பிரிட்ஜ்ல இல்லாததால நான் எல்லாப் பேரையும் சேத்தே ஒட்டிடறேன்.

தினமும் கடை சாத்துறதுக்கு முன்னாடி இருபது ஃபைல். இப்ப 2019 வரைக்கும் பின்னாடி போயிருக்கேன். அதுல தெரிஞ்சது, என்கிட்ட இருக்கற பேரு எல்லாம் எங்க ஊர்ப் பேருதான். நாங்க சடங்குங்கறத கோயமுத்தூர்ப் பக்கம் சீர்னு சொல்றாங்க, யாழ்ப்பாணத்துல இருந்து வந்த ஒரு குடும்பம் சாமத்தியச் சடங்குனு எழுதச் சொன்னாங்க. உங்க ஊர்ல ஒவ்வொரு விசேஷத்துக்கும் என்ன பேரு, பத்திரிகைல எப்படி எழுதுவீங்க, வாய்ல எப்படிச் சொல்வீங்கன்னு எழுதி அனுப்புங்க, ரெண்டுமே வேணும். மொத்தமாச் சேத்து ஒரே கீவேர்டு லிஸ்ட்டா ஆக்கி இந்தத் தொழில்ல இருக்கற யாரு கேட்டாலும் குடுத்துடறேன்.