இறங்காமலே பார்சல்

டாலஸ் பக்கம் இர்விங்கில் இருக்கிறோம். மெக்ஆர்தர் புலவார்டில் வண்டியை விட்டால் இட்லி, பிரியாணி, சாட், இந்தோ-சைனீஸ் என்று வரிசையாக நம் ஊர்க் கடைகள். பாதிக் கடைகளுக்குச் சொந்த ஆப் இருக்கிறது. எனக்கு நாலு வயதில் ஒருத்தன், இன்னும் பல் முளைக்காத ஒருத்தி. அதனால் சனிக்கிழமை சாயங்காலம் என்றால் கர்ப்சைடு பிக்அப்தான். வீட்டிலிருந்தே ஆப்பில் ஆர்டர் போட்டுப் பணம் கட்டிவிட்டு, கடை முன்னால் எண் போட்ட இடத்தில் வண்டியை நிறுத்த வேண்டியது. பை ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிடும்.

விருதுநகரிலிருந்து வந்திருக்கும் அப்பாவுக்கு இது சோம்பேறித்தனத்தின் உச்சம். "ஏம்மா, பத்தடி நடந்து போய் வாங்க முடியாதா? கடை வாசலுக்கே வந்துட்டு எதுக்கு உள்ளேயே உக்காந்துருக்கே?"

பத்தடி நடப்பதில் எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை. இரண்டு கார் சீட்டு, இரண்டு குழந்தைக்கும் தோளிலும் இடுப்பிலும் கவட்டிலும் கோத்து மாட்டிய பெல்ட், அதில் தூங்கிப் போன ஒன்று, ஷூவைக் கழற்றி எறிந்த இன்னொன்று. இதையெல்லாம் அவிழ்த்து, இறக்கி, பையை வாங்கி, மறுபடி ஏற்றி மாட்டுவதற்குள் இட்லி ஆறிவிடும். விட்டுவிட்டும் போக முடியாது. ஏழு வயதுக்குக் குறைந்த குழந்தையை, 14 வயதாவது ஆன ஒருவர் கூட இல்லாமல் 5 நிமிடத்துக்கு மேல் வண்டியில் விட்டுப் போவது டெக்ஸாஸில் குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் யார் விடுவார்கள்? ஜூலையில் வெளியே 38, 40 டிகிரி காய்கிறது. பூட்டிய காருக்குள் சூடு எப்படி ஏறும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

"அதான் நான் இருக்கேன்ல, பாத்துக்க மாட்டேனா?"

"நீங்க அக்டோபர்ல ஊருக்குப் போயிருவீங்களேப்பா."

அதற்கு அவரிடம் பதில் இல்லை. காத்திருக்கும் நேரத்தில் அவருக்குச் சும்மா ஒரு கதை சொன்னேன். வண்டியை விட்டு இறங்காமல் சாப்பாடு வாங்கும் பழக்கமே நம் டாலஸில்தான் கடையாக உருவெடுத்தது. 1921-இல் டாலஸிலிருந்து ஃபோர்ட் வொர்த் போகும் சாலையில் 'பிக் ஸ்டாண்டு' என்று ஒன்றைத் திறந்தார்கள். பன்றிக் கறி சாண்ட்விச்தான் அங்கே விசேஷம். வண்டி நிற்பதற்கு முன்பே பையன்கள் ஓடி வந்து பக்கவாட்டுப் படியில் தொற்றிக்கொண்டு ஆர்டர் எடுப்பார்களாம். அந்தக் காலக் கார்களில்தான் ஏறுவதற்குப் படி இருந்ததே. அப்பா தலையாட்டிக் கேட்டுவிட்டு, "நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டுல ஜன்னல் வழியா வடை வித்தது அதுக்கும் முன்னாடியே இருக்கும்" என்றார். இருக்கலாம். விவாதம் செய்யவில்லை.

மெக்டொனால்ட்ஸின் முதல் டிரைவ்-த்ரூ 1975-இல்தான் வந்தது, அரிசோனாவில் சியரா விஸ்டா என்ற ஊரில். பக்கத்தில் ராணுவ முகாம். சீருடையோடு வெளியே வண்டியை விட்டு இறங்கக் கூடாது என்று சிப்பாய்களுக்கு விதி இருந்ததால், சுவரில் ஓட்டை போட்டு ஜன்னல் வைத்துக் கொடுத்தார்கள். அவர்களுக்கு ராணுவ விதி, எனக்குக் கார் சீட்டு. இறங்க முடியாதவர்களுக்காக வந்த ஏற்பாடு இது என்பதுதான் அப்பாவிடம் என் வாதம்.

நம் ஆட்களின் கடைகள் இதற்குள் வந்தது 2020 மார்ச்சில். கொரோனா காரணமாக, உள்ளே உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்று டெக்ஸாஸ் முழுக்க உத்தரவு போட்டார்கள். மே 1-ஆம் தேதி திறந்தபோதும் கால்வாசி இருக்கைக்குத்தான் அனுமதி. அப்போது ஆப் எல்லாம் கிடையாது. வாசலில் ஒரு மடக்கு மேஜை, அதில் ஒரு நோட்டு. "வந்ததும் போன் பண்ணுங்க, டிக்கியத் திறந்து வையுங்க" என்பார்கள். போனோ எப்போதும் எங்கேஜ்டு. ஆப் வந்தது அதற்கு அப்புறம்தான். கடையின் பெயரும் படமும் போட்டிருந்தாலும், உள்ளே ஓடுவது பெரும்பாலும் வேறு ஏதோ நிறுவனத்தின் மென்பொருள். பல கடைகள் ஒரே மென்பொருளை வாடகைக்கு எடுத்து ஓட்டுகின்றன. அதனால்தான் எந்தக் கடை ஆப்பைத் திறந்தாலும் அதே பொத்தான்கள் அதே இடத்தில் இருக்கின்றன.

நான் பிழைப்புக்குச் செய்வது சாஃப்ட்வேர் டெஸ்டிங். ஆகவே ஒரு ஆப்பைச் சும்மா பயன்படுத்த எனக்கு வராது, குடைந்துகொண்டே இருப்பேன். இத்தனை நாள் குடைந்ததில் எனக்குப் பட்டது இதுதான்: கர்ப்சைடு நன்றாக அமைவதும் கெட்டுப் போவதும், அடுப்பில் எப்போது மாவு விழுகிறது என்பதைப் பொறுத்தது. மெனு, படம், பணம் கட்டுவது எல்லாம் இன்றைக்கு எந்த ஆப்பிலும் ஒழுங்காகவே நடக்கிறது.

பெரிய செயின்களின் ஆப்களில் சில, அனுமதி கொடுத்தால், நம் போன் எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும். கடையைச் சுற்றி வரைபடத்தில் ஒரு எல்லை போட்டிருப்பார்கள். அதற்குள் நுழைந்ததும் சமையலறைக்குத் தகவல் போகும், அவர்கள் தயாரிக்க ஆரம்பிப்பார்கள். மெக்டொனால்ட்ஸ் இதற்கு 'ரெடி ஆன் அரைவல்' என்று பெயர் வைத்திருக்கிறது. நம் சின்னக் கடை ஆப்களில் இது பெரும்பாலும் இல்லை. '20 முதல் 25 நிமிடம்' என்று ஒரு கணக்குச் சொல்லும், அவ்வளவுதான். நாம் கிளம்பினோமா, குழந்தைக்கு டயப்பர் மாற்றிக்கொண்டிருக்கிறோமா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. சொன்ன நேரத்தில் சாப்பாடு தயாராகிப் பைக்குள் போய்விடும். நாம் போய்ச் சேரும்வரை கவுன்டரில் உட்கார்ந்திருக்கும்.

பர்கர் உட்காரலாம். தோசை உட்காராது.

தோசையின் மொறுமொறுப்பு என்பது மேல்தோல் காய்ந்திருப்பதுதானே. கல்லிலிருந்து எடுத்த தோசைக்குள் இன்னும் ஆவி இருக்கிறது. அதை மூடி போட்ட பெட்டிக்குள் அடைத்தால் ஆவி மூடியில் முட்டி, தண்ணீராகி, மறுபடி தோசை மேலேயே சொட்டும். மசாலா வேறு உள்ளே இருந்து தன் பங்குக்கு ஈரத்தை விடும். பத்து நிமிடத்தில் பெட்டியைத் திறந்தால் மடித்த ஈரத் துண்டுதான் இருக்கும். இட்லிக்கு இந்தத் தொல்லை இல்லை. அது பிறந்ததே ஆவியில். பிரியாணி மூடியே இருந்தால் இன்னும் நல்லது. பொங்கல் கெட்டியாகிவிடும், ஆனால் கொஞ்சம் வெந்நீர் விட்டுக் கிளறினால் வழிக்கு வரும். மெதுவடையை நேராகச் சாம்பார் வடையாகவே வாங்கிவிடுவது புத்திசாலித்தனம்.

நான் வழக்கமாக வாங்கும் கடையின் உரிமையாளர் கரூர்க்காரர். கூட்டம் இல்லாத ஒரு மதியம் பேச்சுக் கொடுத்தேன். உள்ளே கவுன்டரில் ஒரு டேப்லெட் இருக்கிறது. யாராவது ஆப்பில் 'ஐயாம் ஹியர்' பொத்தானை அமுக்கினால் அதில் மணி அடித்து, வண்டி நிறமும் மாடலும் வரும். "அக்கா, பாதிப் பேரு சிக்னல்ல நிக்கும்போதே அமுக்கிடறாங்க. நம்ம பையன் பையத் தூக்கிட்டு வெயில்ல வந்து தேடுவான், வண்டியே இருக்காது. திரும்ப உள்ள போயிருவான். அப்புறம் அவங்க வந்து, பத்து நிமிஷமா நிக்கிறோம்னு போன்ல சத்தம் போடுவாங்க."

வண்டியை நிறுத்திய பிறகு மட்டுமே வேலை செய்யும்படி அந்தப் பொத்தானை வைக்கலாமே என்று எனக்குள் இருக்கும் டெஸ்டர் கொதித்தாள். செய்யலாம்தான். ஆனால் அதற்கு எல்லோரும் இருப்பிட அனுமதி கொடுக்க வேண்டும். பாதிப் பேர் கொடுக்க மாட்டார்கள். நானே எல்லா ஆப்புக்கும் கொடுப்பதில்லை.

தோசைக்கு அவரிடமே வழி இருந்தது. ஆர்டரில் குறிப்பு எழுதும் இடத்தில் 'வந்த பிறகு தோசை ஊற்றவும்' என்று போடச் சொன்னார். மற்றதெல்லாம் பையில் தயாராக இருக்கும். மணி அடித்ததும் தோசையை ஊற்றி, பெட்டியில் அடைக்காமல் ஃபாயில் காகிதத்தில் இரண்டு முனையும் திறந்தபடி சுருட்டிக் கொடுப்பார். கூடுதலாக நாலைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். சனிக்கிழமைக் கூட்டத்தில் எல்லோரும் இப்படிக் கேட்டால் அவர் தாங்க மாட்டார் என்பதும் தெரியும். ஊருக்கெல்லாம் சொல்லாதீர்கள்.

பணக் கணக்கும் உண்டு. டெலிவரி ஆப்களில் கடைக்காரர் 15 முதல் 30 சதவீதம் வரை கமிஷன் கொடுக்க வேண்டிவரும். அதனால் நிறையக் கடைகள் அங்கே விலையை ஏற்றி வைத்திருப்பார்கள். அதற்கு மேல் சர்வீஸ் சார்ஜ், டெலிவரி சார்ஜ், கொண்டு வருபவருக்கு டிப்ஸ். கடையின் சொந்த ஆப்பில் எடுத்தால் உணவு விலையும் 8.25 சதவீத வரியும்தான். கடைசியில் டிப்ஸ் கேட்கும் பக்கம் மட்டும் வரும். 18, 20, 25 என்று பெரிய பெரிய பொத்தான்கள், 'வேண்டாம்' என்பது மட்டும் கண்ணுக்குத் தெரியாத சாம்பல் எழுத்தில். அப்பா இதைப் பார்த்துவிட்டு, "சாப்பிடறதுக்கு முன்னாடியே டிப்ஸா?" என்றார். நியாயமான கேள்வி. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி நேரடியாகக் கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி இங்கே மணிக்கு 2.13 டாலர்தான், 1991-இலிருந்து மாறவில்லை என்று சொன்னதும் அமைதியாகிவிட்டார். டிப்ஸ் சேர்ந்து 7.25 வரவில்லையென்றால் மீதியை முதலாளி போட வேண்டும் என்பது சட்டம். ஆப்பில் கட்டும் டிப்ஸ் வெயிலில் பையைத் தூக்கி வரும் பையனுக்கே போகிறதா, பிரித்துக் கொடுக்கிறார்களா என்பது கடைக்குக் கடை மாறும். நான் ஆப்பில் சுழியம் போட்டுவிட்டு இரண்டு டாலர் நோட்டைக் கையில் கொடுத்துவிடுகிறேன்.

அப்புறம் வண்டி அடையாளம். ஆப் நிறமும் மாடலும் கேட்கிறது. வெள்ளை ஹோண்டா ஒடிஸி என்று எழுதுகிறேன். இர்விங்கில் இந்தியக் கடை வாசலில் இதை எழுதுவதும் எழுதாமல் இருப்பதும் ஒன்றுதான். வேறொரு கடையில் எங்களுக்கு இரண்டு சிக்கன் பிரியாணியைக் கொடுத்துவிட்டு, எங்கள் இட்லியை நாலு இடம் தள்ளி நின்ற இன்னொரு வெள்ளை ஒடிஸிக்குக் கொடுத்துவிட்டார்கள். நல்லவேளை, அவர்களும் கிளம்பாமல் பையைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு அம்மாக்களும் ஜன்னலுக்கு ஜன்னல் பையை மாற்றிக்கொண்டோம்.

அதன் பிறகு அப்பா ஒரு வேலை செய்தார். ஊரிலிருந்து வந்தபோது முறுக்கைச் சுற்றி எடுத்து வந்த மஞ்சப்பை ஒன்று கிடந்தது, விருதுநகர் ஜவுளிக்கடைப் பெயர் சிவப்பில் அச்சடித்தது. அதை உள்ளே நடுக் கண்ணாடியில் மாட்டிவிட்டார். ஆப்பில் வண்டி விவரத்தில் 'கண்ணாடியில் மஞ்சள் துணிப்பை' என்று சேர்த்தேன். கரூர்க்காரர் கடைப் பையன் இப்போதெல்லாம் டேப்லெட்டைப் பார்ப்பதே இல்லை, பையைப் பார்த்து நேராக வருகிறான். வண்டி ஓட்டும்போது மறைக்கும் என்பதால் நிறுத்திய பிறகு மாட்டுவதும் எடுக்கும்போது கழற்றுவதும் அப்பாவின் பொறுப்பு.

போன வாரம் அவருக்காகப் பரோட்டா சொல்லியிருந்தேன். எண்ணெய்ப் பரோட்டா ஊர்க்காரருக்கு அமெரிக்கப் பார்சல் பரோட்டா கொடுப்பது கொஞ்சம் தைரியமான காரியம்தான். ஆனால் பரோட்டா காரில் கெடாது, சால்னாவில் ஊறினால் இன்னும் விசேஷம். பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டவர், சால்னா டப்பாவின் மூடியைத் தட்டிப் பார்த்தார், தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். வண்டி மெக்ஆர்தரில் திரும்பியிருக்காது, அதற்குள் என் போனில் ஆப் கேட்கிறது: உணவு எப்படி இருந்தது, எத்தனை நட்சத்திரம்? இன்னும் வீட்டுக்கே போகவில்லை, முடிச்சைக்கூட அவிழ்க்கவில்லை. யார் இதையெல்லாம் சோதித்துப் பார்த்து வெளியே விடுகிறார்கள் என்று புலம்பினேன்.

"என்னம்மா கேக்குது?"

"எப்படி இருந்துச்சுன்னு கேக்குதுப்பா."

"சால்னா இன்னும் ஒரு கரண்டி ஊத்தியிருக்கலாம்னு போடு."