ஃபிரேம் போட்ட பிரிண்ட் வாங்குகிறீர்களா? முதலில் திருப்பி முதுகைப் பாருங்கள்

ரஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கி 1926இல் வரைந்த ‘பல வட்டங்கள்’ ஓவியத்தின் பிரிண்ட் ஒருவழியாகச் சுவரேறிவிட்டது. ‘மியூசியம் குவாலிட்டி’ என்று ஆன்லைனில் விற்ற முதல் பிரதி திரும்பிப் போனது.

அசல் 140.3 × 140.7 செ.மீ., ஏறக்குறைய சதுரம். வந்ததோ 18 × 24 அங்குலம். கையிருப்பு ஃபிரேமில் அடங்குவதற்காக ஓவியத்தில் கால்வாசியை வெட்டியிருந்தார்கள். கேட்டால், “மாடர்ன் ஆர்ட்தானே சார், யாருக்குத் தெரியப்போகுது?”

அடுத்தது கறுப்பு. நீல வட்டத்துக்குள் இருக்கும் கரிய வட்டமும் இருண்ட பின்னணியும் வேறு வேறு கறுப்பு. மலிவு பிரிண்டில் இரண்டும் ஒரே மையாகிவிடும். முழு அளவில் அடிக்கும் முன் அந்தப் பகுதியை மட்டும் சிறு துண்டாக அடித்துக் காட்டச் சொல்லுங்கள். 24 அங்குலச் சதுரத்துக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் படக் கோப்பில் பக்கத்துக்கு 7,200 பிக்சல் வேண்டும். 4,800க்குக் கீழே போனால் வேண்டாம். மை பிக்மென்ட் (எளிதில் வெளுக்காத நிறமித்தூள் மை), தாள் 100% காட்டன், கனம் சுமார் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்). கள்ளநோட்டு பார்க்கும் யுவி லைட்டைத் தாளின் ஓரத்தில் அடியுங்கள். பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் வெண்மையூட்டி கலந்த தாள், நாளடைவில் மஞ்சளிக்கும்.

முதுகுதான் மோசம். பிரவுன் டேப்பைப் பிரித்தால், எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த) பலகையில் டபுள் சைடு டேப் போட்டு ஒட்டிய தாள். முன்பக்கம் கண்ணாடி அதன் மேலேயே அழுந்தியிருந்தது. பலகையின் அமிலம் தாளைப் பழுப்பாக்கும். சென்னைப் புழுக்கத்தில் மை கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும்.

“கஸ்டம் ஆர்டர், ரிட்டர்ன் கிடையாது” என்றார்கள். விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டில் முழுச் சதுரப் படம் இருந்தது. பார்சல் பிரித்த வீடியோவும் கையில் இருந்தது. பணம் வந்துவிட்டது.

இரண்டாவதைச் சுருளாக வாங்கி, உள்ளூரில் ஃபிரேம் போட்டாயிற்று. ஃபிரேமரிடம் எழுதியே கொடுத்துவிடுங்கள்: பின்னால் அமிலமில்லாத மவுண்ட் போர்டு, தாளின் மேல் விளிம்பை மட்டும் அதில் பிடித்துவைக்க ஜப்பானியத் தாள் கீலும் (சிறு பட்டைகள்) கோதுமைப் பசையும், முன்னால் தாளைத் தொடாதபடி ஸ்பேசர் (இடைவெளிப் பட்டை) வைத்து, கண்ணாடிக்குப் பதில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் யுவி அக்ரிலிக். நாலு பக்கமும் ஒட்டினால் மழைக்காலத்தில் தாள் அலை அலையாகிவிடும்.

‘37/100’ என்று, நூறு பிரதிகளில் 37ஆவது என்பதுபோல், நம்பர் போட்டிருந்தால் அதற்காகக் கூடுதல் காசு தராதீர்கள். காண்டின்ஸ்கி மறைந்தது 1944இல். அந்தக் கணக்கு கடைக்காரருடையது.

அக்ரிலிக்கை அமோனியா கலந்த கிளாஸ் கிளீனரால் துடைக்காதீர்கள், மங்கிப்போகும். ஃபிரேமின் முதுகில் கீழ் மூலைகளில் ரப்பர் பொட்டு ஒட்டினால் சுவருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே காற்று போகும்.